அரியணைக் கூடத்தில் ஒரு கால்தேய்ப்பான்

அகழாய்வுத் துறையில் அவருக்குச் 'சில்லறை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. ஊரே மண்ணுக்குள் மன்னரைத் தேடும்போது இந்த ஆள் பொத்தானைத் தேடுகிறாரே என்று முதல் வருடம் யாரோ கிண்டலாக வைத்தது. முப்பது வருடத்தில் கிண்டல் உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. "சில்லறை சார்" என்று கூப்பிட்டால் அவரும் சாதாரணமாகத் திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய சந்தோஷங்கள் எல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். காது உடைந்ததும் தூக்கிப் போடாமல், கொஞ்சம் கீழே மறுபடி துளை போட்டு யாரோ தைத்த எலும்பு ஊசி. நாலு பல் போன பிறகும் தலைவாரிய சீப்பு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த பொம்மை வண்டிச் சக்கரம். அந்தப் பிள்ளை வண்டியை வட்டமாகவே இழுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறது என்பார். இரண்டு முகத்தில் ஆறு போட்ட பகடை ஒன்று கிடைத்த அன்று அவர் சாப்பிடவே மறந்துபோனார். ரெண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு ஏமாற்றுக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பூரிப்பு.

துறையில் இதற்கெல்லாம் பெரிய மரியாதை கிடையாது. என்னவென்று தெரியாத பொருள் கிடைத்தால் 'சடங்குப் பொருள்' என்று எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். என்னவென்று நன்றாகவே தெரிந்துவிட்டால் 'இதர' என்று எழுதி மூட்டை கட்டிவிடுவார்கள். சில்லறை இருபது வருடமாக அந்த மூட்டைகளுக்குத்தான் பொறுப்பாளர். பொறுப்பு என்றால் வெறும் பொறுப்பில்லை. பொருள் எப்படி வெளியே வரவேண்டும் என்று புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்றே எழுதியிருந்தார். கிடந்த இடத்திலேயே விடு; பக்கத்தில் அளவுகோல் வை; படம் எடு; குழியோரம் அடித்த முளைக்குச்சியிலிருந்து ஆழம் அள; குழி, மண்ணடுக்கு, ஆழம் மூன்றையும் சீட்டில் எழுது; அப்புறம் கையை வை. 'சீட்டு இல்லாத பொருள் எந்தக் காலத்துக்கும் சொந்தமில்லாத பொருள்' என்பது கையேட்டின் முதல் வரி. அதை எழுதிவிட்டு ஒரு வாரம் தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் தோண்டிய மேடு, நகரத்தின் ஓரத்தில் இருந்தது. மேட்டின் மேற்குச் சரிவில் இருபத்திரண்டு வீடுகள் கொண்ட ஒரே ஒரு வரிசை. தோண்டுவதற்கு ஆள் பெரும்பாலும் அந்த வரிசையிலிருந்துதான் வந்தது.

இயக்குநருக்கு அடுத்த வருடம் ஓய்வு. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் அரண்மனையார். எங்கே கயிறு கட்டினாலும் அவருக்கு அரண்மனை வந்துவிடும். இதுவரை மூன்று வந்திருக்கிறது. அதில் ஒன்று பிற்பாடு செங்கல் சூளை என்று தெரிந்தபோது, அசராமல் 'அரச செங்கல் சூளை' என்று திருத்திக்கொண்டார். ஓய்வுக்கு முன்னால் நாலாவதையும் பார்த்துவிட வேண்டும் என்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். பதினைந்து மீட்டர் நீளத்துக்கு ஒரு செங்கல் சுவர், அதன் அடியில் வழவழவென்று பூசிய ஒரு தளம், தளத்தின் ஓரமாக ஒரு வடிகால் என்று வரிசையாகக் கிடைத்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"அரியணைக் கூடம்" என்றார். "சுவர் மேற்கே போகுது பாருங்க. மீதி அரண்மனை அந்த வீடுகளுக்கு அடியிலதான் இருக்கு."

வீடுகளுக்கு அடியில் இருக்கிறது என்றால் வீடுகள் அங்கே இருக்க முடியாது. அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே வரிசைக்குப் புரிந்துவிட்டது.

பிரஷ் அக்கா அந்த வரிசையில் மூன்றாவது வீடு. ஐந்து வருடமாகத் துறையின் குழிகளில் மண் தள்ளுகிறவள். கைப்பக்குவம் பார்த்து ஒருநாள் பிரஷ்ஷைக் கொடுத்தார்கள். அன்றோடு பழைய பெயர் போயிற்று. அந்த வியாழக்கிழமை காலை தளத்தின் ஓரத்தில், வடிகாலை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுட்ட மண் துண்டை அவள் துடைத்து எடுத்துச் சில்லறையிடம் காட்டினாள். நீள்வட்டம். ஒரு பக்கம் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். கீறல் ஒரு மூலையில் மட்டும் மழுங்கிச் சரிந்திருந்தது.

"என்னம்மா இது?" என்றார், தெரிந்துகொண்டே.

"கால் தேய்க்கிறது சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? குதிகால் வெச்சுத் தேய்ச்ச பக்கம் சரிஞ்சிருக்கு பாருங்க. சோத்தாங்கையால பிடிச்சிருக்கா."

அவருக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. முப்பது வருடத்தில் எந்தப் பேராசிரியரும் இவ்வளவு சுருக்கமாக ஒரு பொருளை விளக்கி அவர் கேட்டதில்லை.

"ராஜா இங்க உக்காந்து குதிகால் தேய்ச்சிருப்பாரா சார்?" என்று அவளே கேட்டாள்.

"ராஜாவுக்குத் தேய்ச்சு விட ஆள் இருந்திருக்கும்மா."

"அரியணைய வடிகால் பக்கத்துலயா போடுவாங்க? பொழுதன்னிக்கும் ஈரம். வர்றவன் போறவனுக்கெல்லாம் ஜலதோஷம் புடிச்சிருக்கும்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்று, பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்போ இது நாலு பேர் குளிக்கிற இடம். அப்படித்தானே சார்?"

"அப்படித்தான் தெரியுது."

"குளிக்கிற இடத்துக்காக யாரும் எங்க வீட்டை இடிக்க மாட்டாங்க இல்ல?"

"மாட்டாங்க. ஒரு படம் எடுத்துட்டு மூடிட்டுப் போயிடுவாங்க."

"எழுதிடுங்க சார். நான் சொன்னா எடுபடாது. நீங்க எழுதினா எடுபடும்."

"இன்னைக்கே எழுதிடறேன்" என்றார் சில்லறை. மனசாரத்தான் சொன்னார்.

ஆனால் துண்டு அதற்குள் அவர் கைக்கு வந்துவிட்டிருந்தது. அவள் கையிலிருந்து வாங்கியதும் திரும்ப அதே இடத்தில் வைத்து, அளவுகோல் போட்டு, படம் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். எட்டுப் பக்கத்தில் இரண்டு பக்கம் அதற்கென்றே ஒதுக்கி எழுதியவர் அவர். ஆனால் அதன் முதுகில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அவர் கட்டைவிரல், யாரும் சொல்லாமலே, போய் அதில் உட்கார்ந்துகொண்டது. யாரோ ஒருத்தி தினமும் அழுத்தி அழுத்தி உண்டாக்கிய பள்ளம். சோப்பு இல்லாத காலத்தில் ஈரத் தளத்தில் குந்தி உட்கார்ந்து, பக்கத்தில் குளிப்பவளிடம் வம்பு பேசிக்கொண்டே அவள் தேய்த்திருப்பாள். நாத்தனாரைப் பற்றித்தான் பேசியிருப்பாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது.

"சில்லறை, கொஞ்சம் இங்க வாங்க" என்று மேலேயிருந்து அரண்மனையார் கூப்பிட்டார். பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினார். அரியணைக் கூடத்தைப் பற்றி அரண்மனையார் ஒரு மணி நேரம் பேசினார். பக்கத்தில் நின்ற சில்லறை, பைக்குள் கையை விட்டுப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, அந்த ஒரு மணி நேரத்தை முதல்முறையாகச் சலிப்பில்லாமல் கழித்தார்.

சாயங்காலம் சீட்டுக் கட்டை எடுத்து எதிரில் வைத்தார். எழுதினால் சீட்டோடு சேர்த்து ஒரு பையில் போட வேண்டும். பையில் போட்டால் மூட்டைக்குப் போய்விடும். ஒரே ஒரு நாள் கையில் இருக்கட்டுமே, இடம்தான் தெரியுமே, முளைக்குச்சி எங்கே ஓடிவிடப்போகிறது, நாளை மறுநாள் அளந்துகொண்டால் போயிற்று என்று நினைத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை, துறைக்கு வார விடுமுறை.

விடுமுறையன்று காலை பத்து மணிக்கு அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, மனைவி ஈரக் காலோடு குளியலறையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, உங்க சட்டையில இருந்ததே, அது எங்க வாங்கினீங்க?"

"எது?"

"கால் தேய்க்கிறது. துவைக்கப் போடறப்போ பையில இருந்துச்சு. கடையில இப்ப விக்கிறதெல்லாம் ரெண்டு நாள்ல வழுக்கிடுது. இது பரவாயில்ல. வெடிப்பெல்லாம் போயிடுச்சு பாருங்க." காலைத் தூக்கிக் காட்டினாள்.

சில்லறை எழுந்து ஓடினார். சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில், நுரை வழிய, அது இருந்தது. மழுங்கிய மூலைக்கு எதிர் மூலையும் இப்போது கொஞ்சம் வெளுத்திருந்தது. மனைவி இடதுகைக்காரி.

"அடிப்பாவி, ரெண்டாயிரம் வருஷத்துப் பொருள் இது."

"அதான் இவ்வளவு நல்லா இருக்கு. அந்தக் காலத்துச் சாமான்."

"தேய்மானத்தைப் பார்த்துத்தான் இது என்னன்னு நிரூபிக்கணும். நீ புதுசா தேய்ச்சு வெச்சிருக்க."

"என்னன்னு நிரூபிக்க இனி என்ன இருக்கு? கையில எடுத்ததுமே தெரிஞ்சுச்சு, தேய்ச்சேன். உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இது தெரியலையாக்கும்." ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போனவள், திரும்பி வந்து கேட்டாள்: "ஆமா, ரெண்டாயிரம் வருஷத்துப் பொருள் உங்க சட்டைப் பையில என்ன பண்ணுது?"

சில்லறை நுரையைத் துடைத்து அதைக் காகிதத்தில் சுற்றினார்.

சனிக்கிழமை முதல் ஆளாக மேட்டுக்குப் போனார். அளவு நாடாவும் சீட்டும் கையில். குழியின் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தார். தளம் இல்லை. அரியணைக்கு அடியில் ஏதாவது புதைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில், விடுமுறை நாளிலும் வெளியாட்களைக் கூட்டிவந்து அரண்மனையார் தளத்தையே பெயர்த்துவிட்டிருந்தார். அடியில் கிடைத்தது மணல். வடிகால் பாதி போயிருந்தது. முளைக்குச்சி பிடுங்கப்பட்டுக் குப்பைக் கூடையில் கிடந்தது. தளத்தைப் படம் எடுத்திருந்தார்கள். அழகான படங்கள், துடைத்துச் சுத்தமாக்கிய, எந்தப் பொருளும் இல்லாத, அரியணை போடுவதற்குத் தோதான வெறும் தளம்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நான் தவறு செய்துவிட்டேன், இப்படி ஒரு பொருள் இன்ன இடத்தில் கிடைத்தது என்று அரண்மனையாரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், திட்டு விழுந்திருக்கும், ஆனால் பதிவாகியிருக்கும். கையேடு எழுதியவர் என்ற கௌரவம் விடவில்லை. இரண்டு நாள் அப்படியே ஓட்டினார்.

"எழுதிட்டீங்களா சார்?" என்று பிரஷ் அக்கா கேட்டாள்.

"ஆச்சும்மா. ஆயிட்டிருக்கு" என்றார்.

செவ்வாய்க்கிழமை நிபுணர் குழு வந்தது. மூன்று பேர். இரண்டு பேர் நிழல் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. தலைமை தாங்கிய பேராசிரியை மட்டும் குழிக்குள் இறங்கினார். அரண்மனையார் சுவரைக் காட்டினார், பெயர்ந்த தளத்தின் படங்களைக் காட்டினார், மேற்கே கையை நீட்டி வீடுகளைக் காட்டினார். "ரெண்டு மாசத்துல காலி பண்ணிக் கொடுத்தா, முழு அரண்மனையையும் நாட்டுக்குக் கொடுத்துட்டுப் போறேன்" என்றார். சொந்தப் பணத்தில் கட்டி வைத்திருப்பவர் போல இருந்தது பேச்சு.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார் சில்லறை.

குழிக்குள் மண் தள்ளிக்கொண்டிருந்த பிரஷ் அக்கா கையை நிறுத்தினாள்.

அவர் பேசினார். வடிகாலைப் பற்றி, தளம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்ததைப் பற்றி, இது பொதுக் குளியலிடமாகத்தான் இருக்கும் என்பதைப் பற்றி. கோவையாகத்தான் பேசினார். பிறகு பையிலிருந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்து அதை எடுத்து நீட்டினார்.

பேராசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அருமையா இருக்கே. எந்த அடுக்கு?"

"தளத்து மேலேயே. வடிகாலை ஒட்டி."

"படம்?"

"எடுக்கல."

"ஆழம்?"

"அளக்கறதுக்குள்ள தளம் போயிடுச்சு."

"சீட்டு?"

சில்லறை வெறும் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

பேராசிரியை நல்ல மனுஷி. குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க கையேட்டைத்தான் நான் பிள்ளைங்களுக்குப் பாடமா வெச்சிருக்கேன் சார். முதல் வரியை எல்லாருக்கும் மனப்பாடம் பண்ண வெக்கிறேன்." பொருளை மூக்கருகே கொண்டுபோனவர் ஒரு கணம் தயங்கினார். "சோப்பு வாசனை வருதே?"

அரண்மனையார் ரொம்பப் பெருந்தன்மையாகச் சிரித்தார். "நம்ம சில்லறைக்கு எது கிடைச்சாலும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் கொஞ்சணும். பாசம் அப்படி." நிழலில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

"அதை எடுத்தது நான்தான் மேடம்" என்றாள் பிரஷ் அக்கா. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இதோ, இங்கதான் கெடந்துச்சு. வியாழக்கிழமை காலையில. நான் கையால எடுத்து சார்கிட்ட கொடுத்தேன்."

"நீங்க எந்த ஊரும்மா?" என்று பேராசிரியை கேட்டார்.

"இதே இடம்தான் மேடம்."

"வீடு?"

அவள் மேற்கே கையைக் காட்டினாள். பச்சைக் கதவு போட்ட மூன்றாவது வீடு. குழியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். பேராசிரியை அந்த வீட்டைப் பார்த்தார், அரண்மனையாரைப் பார்த்தார், பிறகு யாரையும் பார்க்காமல் குறிப்பேட்டை மூடினார். யாரும் அவளைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. சொல்லாத வார்த்தைக்கு அவளால் பதில் சொல்லவும் முடியவில்லை. அவள் சில்லறையைப் பார்த்தாள். ஆயிட்டிருக்கு என்று சொன்னவரை. அவர் தன் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் துண்டு இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'அரச சடங்குப் பொருள். கிடைத்த இடம் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். அரண்மனையார் கைப்படத் திருத்திக் கொடுத்த வாசகம்.

வீடுகளை இடிக்க மூன்று நாள்கூட ஆகவில்லை. வரிசைக்காரர்களுக்கு நகரத்தின் அந்தக் கோடியில், பேருந்து இரண்டு மாற வேண்டிய தூரத்தில், வீடு கொடுத்தார்கள். பிரஷ் அக்கா வேலைக்கு வருவது நின்றது. அவளுக்குப் பதிலாக வந்தவருக்குக் கை முரடு.

அதன்பின் மேற்கே தோண்டினார்கள். இரண்டாவது வீட்டின் அடுப்படிக்கு அடியில், தோண்டத் தொடங்கி நாலாவது மீட்டரில், சுவர் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் எந்தக் கல்லும் எதுவும் இல்லை. 'அரண்மனையின் மேற்கு எல்லை ஐயமறக் கண்டறியப்பட்டது' என்று அறிக்கை எழுதிவிட்டு அரண்மனையார் மாலை மரியாதைகளோடு ஓய்வு பெற்றுப் போனார். பாராட்டுக் கூட்டத்தில் சில்லறையும் இரண்டு வார்த்தை பேசினார். என்ன பேசினோம் என்று அவருக்கே பிற்பாடு நினைவில்லை.

மீதி இருபது வீட்டு மனைகளையும் முறைப்படி தோண்டி முடிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மேலடுக்கு, அதாவது போன வருடம் வரை மனிதர்கள் வாழ்ந்த அடுக்கு, சட்டப்படி வெறும் குப்பை. மண்வெட்டியால் வழித்துப் போட்டுவிடலாம். சில்லறை போடவில்லை. பிரஷ்ஷால் துடைக்கச் சொன்னார். கோலிக்குண்டு, கொண்டை ஊசி, காதறுந்த பை, பேனா மூடி, ஒரு பக்கம் தேய்ந்த குழந்தைச் செருப்பு எல்லாவற்றுக்கும் அளவுகோல் வைத்தார், படம் எடுத்தார், ஆழம் அளந்தார், சீட்டு எழுதினார். கூட வேலை செய்தவர்கள் அவருக்குக் கழன்றுவிட்டது என்று ஜாடை காட்டிக்கொண்டார்கள். முன்பெல்லாம் ஒரு பொத்தான் கிடைத்தால் அவர் முகத்தில் வரும் வெளிச்சம் இப்போது வரவில்லை. செருப்பைத் திருப்பிப் பார்த்தபோது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று மட்டும் எழுதினார். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் பதினொரு மணி வெயிலில் பிரஷ் அக்கா வந்து நின்றாள். கையில் மடித்த துணிப்பை. மூன்றாவது மனையில் அவர் ஒரு சின்ன மேசை போட்டுப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"நல்லாருக்கீங்களா சார்?"

"இருக்கேம்மா. வாங்க. உக்காருங்க."

உட்கார இடமில்லை. அவள் நின்றாள். மேசையின் மேலிருந்த பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒன்றைத் தொட்டாள்.

"இது எங்க தாழ்ப்பாள்."

இரும்புத் தாழ்ப்பாள். பச்சைப் பெயின்ட் திட்டுத் திட்டாக இன்னும் ஒட்டியிருந்தது.

"புது வீட்ல கதவு வெச்சிருக்காங்க, தாழ்ப்பாள் வெக்கல. கேட்டா வரும் வரும்ங்கிறாங்க. இது இங்க கெடக்கும்னு நெனச்சேன். எடுத்துட்டுப் போயி அடிச்சுக்கறேன் சார்."

சில்லறை பதிவேட்டைப் பார்த்தார். "எழுதிட்டேனேம்மா."

"என்னன்னு?"

"எண் நூற்றி நாற்பது. முதல் அடுக்கு. ஆழம் இருபத்திரண்டு சென்டிமீட்டர். இரும்புத் தாழ்ப்பாள், ஒன்று."

"எப்ப எடுத்தீங்க?"

"இப்பதான். ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

"பத்து நிமிஷத்துல எழுதிட்டீங்க" என்றாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. பதிவேட்டின் மேல் மை இன்னும் சரியாகக் காய்ந்திருக்கவில்லை. அந்த ஒரு வரியை அடித்துவிட்டால் போதும். எண்களை மாற்ற வேண்டும், படத்தை அழிக்க வேண்டும், அதையெல்லாம் செய்ய எத்தனை நேரமாகும் என்று அவர் மனம் கணக்குப் போட்டது. பேனா கையில்தான் இருந்தது.

"எழுதினதை எடுக்க முடியாதும்மா. மனு ஒண்ணு கொடுங்க. நானே எழுதித் தர்றேன். மேல அனுப்பிடலாம்."

"எவ்வளவு நாளாகும்?"

"ஆறு மாசம். ஒரு வருஷம்கூட ஆகலாம்."

அவள் தலையாட்டினாள். துணிப்பையை இன்னொரு மடிப்பு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மனையின் மூலையில், இடித்த சுவரின் கற்கள் குவிந்து கிடந்தன.

"அதுவரைக்கும் கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒரு கல்லாவது எடுத்துக்கறேன். அதுக்கும் எழுதணுமா சார்?"

"வேண்டாம், வேண்டாம். எடுத்துக்கோங்க."

அவள் குவியலில் குனிந்து தேடி, கைக்கு அடக்கமான ஒன்றை எடுத்துத் தட்டிவிட்டு வந்தாள். சில்லறை கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். பழைய செங்கல்லா என்று ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அதை அவர் அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.